பல்லிகளுக்குக் கார்டு இல்லை

எங்கள் வீட்டுப் பல்லிகள் அபின் பழகியவை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கல்யாணம் அந்தப் பல்லிகளின் வாயில்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் ஒரேயடியாகச் சிரித்து முடிக்கட்டும்.

ரப்பர் விலை விழுந்து ஊரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பினாங்கில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், சீனர் வீடு ஒன்றின் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். கீழ்த்தளத்தில் சண்டுக் கூடம். காய்ச்சிய அபினுக்கு எங்கள் ஊரில் சண்டு என்று பெயர். கூடத்தில் மரக்கட்டில்கள் போட்டிருக்கும். பாரம் தூக்குகிறவர்களும் ரிக்‌ஷா இழுக்கிறவர்களும் மாலையில் வந்து, ஆளுக்கொரு சின்ன விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்துப் புகைப்பார்கள். அங்கே சத்தமே இருக்காது. அவ்வளவு பேர் கூடியிருந்தும் அவ்வளவு அமைதியான இடத்தை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் மாடித் தரை பலகையால் ஆனது. கிழக்குச் சுவரை ஒட்டி இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி. மாலை நாலு மணிக்கு மேல் கீழே விளக்குகள் ஏற்றியதும், அந்த இடுக்கு வழியாகப் புகை நூல் நூலாக ஏறிச் சுவரைத் தடவிக்கொண்டே மேலே போகும். இனிப்பும் கசப்பும் கலந்த வாசனை, வெல்லப்பாகு அடிப்பிடித்தது போல. அம்மா சாக்கைத் திணித்துப் பார்த்தாள். எலி கடித்துப் போட்டுவிட்டது. பிறகு விட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில் நான் அங்கே பாயை விரித்துப் படுத்துக்கொள்வேன். தூங்கவும் மாட்டேன், விழித்திருக்கவும் மாட்டேன். ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டுகொண்டே வரும். துறைமுகத்தில் ஏதாவது கப்பல் ஊதினால் அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்பது போலிருக்கும். உத்திரத்துக்குப் பின்னாலிருந்தும் படச் சட்டங்களின் இடுக்கிலிருந்தும் பல்லிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வந்து, புகை ஏறும் தடத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பூச்சி பக்கத்தில் பறந்தாலும் திரும்பிப் பார்க்காது. தொண்டை மட்டும் மெல்ல மெல்லத் துடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்று ‘ச்சு ச்சு ச்சு’ என்று ஆரம்பித்தால் போதும், மற்றவையும் சேர்ந்துகொள்ளும். நாலரை மணிக்கு எங்கள் வீட்டில் பல்லி சொல்லாத நாளே கிடையாது. அதற்குக் காரணம் புகை என்பது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கும் அவற்றுக்கும் மட்டும் சொந்தமான ரகசியம் என்று ஒரு நினைப்பு. புகையில் எனக்கும் பங்கு கிடைத்துக்கொண்டிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் அரசாங்கச் சண்டுக் கடையில் கிராணி, அதாவது எழுத்தர். பெயரைப் பதிந்து கார்டு வாங்கிய ஆளுக்குத்தான் சண்டு கிடைக்கும், அதுவும் அளவாக. கார்டைப் பார்த்து முத்திரை குத்திப் பொட்டலத்தைக் கொடுப்பது அப்பாவின் வேலை. பதினைந்து வருஷமாக அந்த வாசனைக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால் அவர் மூக்குக்கு அது மரத்துப்போயிருந்தது. வேலை முடிந்து மாடிக்கு வந்தால், “காத்து சுத்தமா இருக்கு” என்று சொல்லிச் சட்டையைக் கழற்றுவார். அம்மா என்னைப் பார்ப்பாள்.

சட்டம் என்றால் அப்பாவுக்கு உயிர். ஒரு தடவை ஒரு ஆள், தண்ணீர்மலைப் பக்கம் பிடித்த காட்டுக் குரங்குக்குத் தன் பங்கு அபினைக் கொடுத்திருக்கிறான். குரங்கு சாதுவாகக் கிடந்தால் கப்பல்காரர்களிடம் விற்கலாம் என்று கணக்கு. பிடிபட்டதும், வேறு ஆளுக்குக் கொடுக்கக்கூடாது என்றுதானே போட்டிருக்கிறது, குரங்கு ஆளா என்று வாதாடியிருக்கிறான். கார்டு போனது. அந்த வாரமே கடை அறிவிப்பில் ‘வேறு எந்த உயிருக்கும்’ என்று ஒரு வரி கூடுதலாக ஏறியது. அதைத் தன் கையாலேயே எழுதி ஒட்டியதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. சாப்பிடும்போது எங்களுக்கு விளக்கினார். வண்டி மாட்டுக்கு நோவு என்றால் மாட்டு டாக்டர் மருந்து கொடுக்கலாம், சொந்தக்காரன் கையெழுத்துப் போடுவான். காட்டு உயிருக்கு யார் போடுவது?

“கையெழுத்துப் போட ஆளில்லாத உயிருக்கு ஒரு சொட்டுகூடக் குடுக்கக்கூடாது பாப்பா,” என்றார். “அது வேணும்னும் சொல்லாது, வேணாம்னும் சொல்லாது.”

நான் சும்மா இருக்காமல், வீட்டுப் பல்லி எதில் சேர்த்தி என்று கேட்டேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தி யோசித்தார். நாம் வளர்க்கவில்லை, சோறு போடவில்லை, கூப்பிட்டால் வராது, ஆகவே அதுவும் காட்டு உயிர்தான் என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, கேள்வி நல்ல கேள்வி என்று என்னைப் பாராட்டவும் செய்தார். நான் குனிந்து மோரைக் குடித்தேன்.

இவ்வளவு சட்டம் பேசுகிற மனிதர், சொந்தக் காரியம் எதையும் பல்லியைக் கேட்காமல் செய்யமாட்டார். எந்தத் திசையில், எத்தனை தடவை சொன்னால் என்ன பலன், உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் போட்டிருக்குமே, அது அவருக்கு மனப்பாடம். ஒரு காரியத்தை மூன்று வெள்ளிக்கிழமை கேட்பார். வேலையிலிருந்து வந்து, குளித்து, விபூதி பூசி, வெற்றிலைத் தட்டோடு கிழக்குச் சுவரடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாலரை மணிக்கு மனசுக்குள் கேட்பார். பல்லி சொல்லும். சொல்லாமல் என்ன செய்யும்? அவர் நரம்பு முழுக்கத் தயக்கம். தானாக ஒரு முடிவெடுத்து அது தப்பாகப் போனால் என்ற பயத்திலேயே வாழ்ந்தவர். பல்லி அவருடைய அந்தப் பாரத்தைத் தாங்கியது.

எனக்கு ஒரு வரன் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், பிறை ரயில் நிலையத்தில் கிராணி. பெண் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணி ஃபெரியில் வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு நின்றபோது சுவரில் பல்லி சொல்லிற்று. எல்லாரும் அவசரமாகத் தரையை விரலால் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்றார்கள். மாப்பிள்ளை தட்டவில்லை. தலையைத் தூக்கி, எங்கிருந்து சொல்கிறது என்று தேடினார். கண்டுபிடித்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு. என்னைப் பார்ப்பதற்கு முன்னால் பல்லியைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தபோதும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று முதல் ஃபெரி ஊதும்போதெல்லாம் என் காது அந்தப் பக்கம் போயிற்று.

இந்த வரனுக்காக அப்பா பல்லியைக் கேட்க உட்கார்ந்த முதல் வெள்ளி ஆயிற்று. இரண்டாவது வெள்ளியும் பல்லி நல்லபடியாகச் சொன்னது. மூன்றாவது வெள்ளிக்கு முந்தின திங்கட்கிழமை, பொது இடத்தில் கூடிப் புகைப்பது இனிக் கூடாது என்று உத்தரவு வந்து, கீழே கூடத்தை மூடினார்கள். கார்டு இருப்பவர்கள் அவரவர் வீட்டில் புகைத்துக்கொள்ள வேண்டியது. கட்டில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பல்லிகள் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அவை வந்தன. வழக்கமான தடத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு காத்திருந்தன. புகை வரவில்லை. இருட்டும் வரை அப்படியே நின்றன. அடுத்த நாளும் வந்தன. மூன்றாம் நாள் ஒன்றிரண்டு பலகை இடுக்குக்கே இறங்கி வந்து தலையை உள்ளே நீட்டிப் பார்த்தன. தோல் வெளுத்து, வயிறு ஒட்டி, பூச்சி பிடிக்கும் தெம்பு இல்லாமல் கிடந்தன. ஒரு நாள் காலையில் அலமாரிக்கு அடியில் இரண்டு செத்துக் கிடந்தன. அம்மா முறத்தில் வாரிப் போட்டாள். ஒரு பல்லிகூடச் சொல்லவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அப்பா உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தார். சுவர் வாய் திறக்கவில்லை. நாலாவது வெள்ளியும் அதே கதைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை தரகு மாமா வந்தார். மாப்பிள்ளை வீட்டில் வரும் சனிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள், இல்லையென்றால் தைப்பிங்கில் ஒரு பெண் இருக்கிறதாம், அங்கே பேசிவிடுவார்களாம் என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மென்றபடி போனார். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரை இடித்துத் தள்ளலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. என்னைப் பெற்ற மனிதர் என்னைத் தவிர எல்லாவற்றையும் கேட்கிறாரே என்று அன்று முழுக்க அழுதேன்.

கூடத்தில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் உண்டு. அப்பேக் என்று கூப்பிடுவோம், சீனக் கிழவர்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவது. கூடத்தை மூடிய பிறகும் காவலுக்கு அவரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். கார்டு உள்ளவர். கூடத்துக்குள் புகைக்கத் தடை என்பதால், பின்கட்டில் கிணற்றடியில் உட்கார்ந்து தன் பங்கைப் புகைப்பார். புதன்கிழமை தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவரிடம் போனேன். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது கடைத்தெருப் பேச்சில், வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு எங்கள் பலகை இடுக்குக்குக் கீழே உட்கார்ந்து புகைக்க முடியுமா என்று கேட்டேன்.

“தா போலே,” என்றார். முடியாது என்று அர்த்தம். கார்டை எடுத்துக் காட்டினார். முத்திரை குத்துகிறவரே உன் அப்பாதானே, தெரிந்தால் கார்டு போகும், கார்டு போனால் என் கதி என்ன என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இருந்தாலும் வந்த காரணத்தைச் சொல்லிவிட்டேன், பல்லி, அப்பா, பிறை கிராணி எல்லாவற்றையும். அவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மாடியில் அவை இடுக்குக்கு வந்து சுரண்டுவது இரண்டு வாரமாகத் தனக்கும் கேட்கிறது என்றார். அவையும் தன்னைப் போலத்தான், அவற்றுக்குக் கார்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மழை வரும் போல வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா விபூதித் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கதவோரம். நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் முதல் நூல் எழுந்தது. அப்பா தலைக்குப் பின்னால் அது மெல்ல வளைந்து ஏறியதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கமுடிகிறது. உத்திரத்திலிருந்து பல்லிகள் விழுந்தடித்துக்கொண்டு இறங்கின. ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கிழவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. புகை நூலாக இல்லாமல் கயிறாகத் திரண்டு வந்தது. எனக்கே கண் சொருகியது. பிறையிலிருந்து ஃபெரி வந்துகொண்டே இருப்பது போலவும், அது வந்து சேர வேண்டாம், இப்படியே வந்துகொண்டிருந்தால் போதும் என்பது போலவும் இருந்தது.

பல்லி சொல்லிற்று. தெளிவாக, மூன்று முறை. அப்பா முகம் மலர்ந்து மேலே பார்த்தார். நான் மூச்சை விட்டேன்.

இரண்டு வாரம் பட்டினி கிடந்த உடம்பு, அவ்வளவு புகையை எப்படித் தாங்கும்? சொன்ன அதே பல்லி கால் வழுக்கி அப்பாவின் தலையில் விழுந்தது. வழுக்கைத் தலையில் சத்தம் கேட்டது. அங்கிருந்து தட்டில் விழுந்து விபூதியில் மல்லாந்து கிடந்தது. தலையில் விழுந்தால் என்ன பலன் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எழுந்து போய் மறுபடியும் தலைக்குக் குளித்தார். ஈரத்தோடு வந்து மேசையில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். வேண்டாம் என்று எழுதப்போகிறார் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

நான் தரையில் குந்தி அந்தப் பல்லியைப் பார்த்தேன். வயிறு ஒரு முறை ஏறி இறங்கியது. வெகுநேரம் கழித்து இன்னொரு முறை. அப்புறம் ஏறவில்லை. கையெழுத்துப் போட ஆளில்லாத உயிர் என்று அப்பா சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஆசைக்காக நான் அதைக் கொன்றிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் மாப்பிள்ளை போவார். திறந்தால் கிழவரின் கார்டு போகும். ஆனால் செத்ததைத் தட்டில் வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வயதிலிருந்து தெரிந்ததைச் சொன்னேன், கிணற்றடியில் பேசியதையும் சொன்னேன். அப்பா எழுந்து வந்து பல்லியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மரத்துப்போன அந்த மூக்குக்கும் அவ்வளவு கிட்டத்தில் தெரிந்துவிட்டது. கையில் வைத்தபடியே சுவரடியில் உட்கார்ந்துவிட்டார்.

“இத்தன வருஷமா,” என்றார். “வீடு வாங்கலாமா வேணாமான்னு கேட்டேன். உங்கம்மாவுக்கு ஆபரேசன் பண்ணலாமான்னு கேட்டேன்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பல்லி வாக்கை நம்பி ஆபரேஷன் செய்யாமல் விட்ட வலி அவளுக்கு அப்போதும் இருந்தது.

கிழவர் கார்டை வெட்ட வேண்டியதுதான், வேறு வழியில்லை என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சட்டத்தில் அப்படித்தான் இருந்தது, அந்த வரியை எழுதி ஒட்டியதும் அவர்தான். நான் அவர் காலருகே போய் உட்கார்ந்தேன்.

“பல்லி தானா விழுந்துச்சுன்னே வச்சுக்குங்கப்பா,” என்றேன். “வேணாம்னு எழுதிடுங்க. அப்பேக் கார்டுல கை வைக்காதீங்க.”

சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ அறுந்தது போல வலித்தது. கீழே கிழவர் இருமுவது பலகை வழியாகக் கேட்டது. மழை ஆரம்பித்திருந்தது. அப்பா பல்லியை ஒரு வெற்றிலையில் சுற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

மறுநாள் காலையில் கிழவர் சண்டுக் கடையில் வந்து நின்றபோது, அப்பா தலை நிமிராமல் முத்திரை குத்திப் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார். அந்த மாதமே, காரணம் சொல்லாமல், சம்பளம் குறைவான வேறொரு மேசைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தெரிந்தே ஒரு தடவை கண்ணை மூடியவன் அந்த நாற்காலியில் உட்காரக்கூடாது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாராம். எனக்கு அது வெகுகாலம் கழித்துத்தான் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலையில் நடந்தது இவ்வளவுதான். அப்பா மறுபடியும் மேசைக்குப் போனார். பேனாவை மையில் தொட்டு, காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டே இருந்தார். மை சொட்டி ஒரு தாள் வீணாயிற்று. இன்னொன்றை எடுத்தார். அவர் முதுகைப் பார்த்தாலே பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது. தனியாக ஆற்றில் இறங்குகிற ஆளின் முதுகு. பிறகு திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

“உனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்கா?”

பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஒரு மாதமாக உள்ளுக்குள் தயாராக வைத்திருந்த பதில் கேட்டவுடன் வரவில்லை. அப்பா அவசரப்படவில்லை. பேனாவைப் பிடித்தபடி, என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.